கோட்டைமேட்டுக்கு வந்த ஆளைப் பற்றி

வேப்பந்தட்டை,
22.2.2004, ஞாயிறு.

அன்பு மகள் தமிழ்மொழிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே நீ காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, பனியில் வழுக்கி விழாமல் சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்குத் திடீரென்று பேனாவை எடுத்தாள் என்று நினைப்பாய். போன் இருப்பது உன் சித்தப்பா வீட்டில். நான் உன்னோடு பேச ஆரம்பித்தால் அவருக்கு அப்போதுதான் டி.வி. ஆண்டெனாவைத் திருப்ப வேண்டியிருக்கும், கதவு இடுக்கில் எண்ணெய் விட வேண்டியிருக்கும். இப்போது அந்தப் போனும் நமக்கு இல்லை என்று ஆகிவிட்டது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதை நம் ஊர்ப் பெட்டியில் போடப்போவதில்லை, வெளிநாட்டு உறை என்றால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற கண்கள் இங்கே உண்டு. பெரம்பலூர் போய்ப் போடுவேன். உன் கைக்கு வரும்போது பிரித்து ஒட்டின மாதிரி தெரிந்தால் எனக்கு எழுது.

பொங்கலுக்கு முன்னால் நீ அனுப்பிய போட்டோக்களை இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கண்ணுக்கு எட்டிய தூரம் சாம்பல் பூசினது போல இடுப்பு உயரச் செடி, மரம் என்று ஒன்றுகூட இல்லை. அது நம் மரிக்கொழுந்துக்குப் பங்காளி, தூறல் போட்டால் காடே மணக்கும் என்று எழுதியிருந்தாய். மரிக்கொழுந்து நாலு நாள் தண்ணீர் கட்டாவிட்டால் தலையைத் தொங்கப்போட்டுவிடும், அதன் பங்காளி பாலைவனத்தில் தானாக வளர்கிறான் என்றால் நான் எப்படி நம்புவது? கழுதைக் காது முயல், பஸ்ஸை முந்துகிற மான், வாலைக் கிலுகிலுப்பை போல ஆட்டுகிற பாம்பு எல்லாம் பார்த்தேன். அந்தப் பாம்பு இருக்கிற காட்டில் நீ சாதாரணச் செருப்போடு நிற்பதையும் பார்த்தேன். இடிந்த கல்வீட்டின் முன்னால் ஒரு படம், பிழைக்க வந்தவர்கள் தண்ணீர் இல்லாமல் விட்டுப்போன வீடு என்று பின்பக்கம் எழுதியிருந்தாய். அதில் உன் காலடியில் ஒரு நிழல் விழுகிறது. படம் எடுத்த ஆளின் நிழல், தலையில் அகலத் தொப்பி. உன் அப்பாவிடம் காட்டினேன், நிழலில் என்ன கண்டாய், அது யாராக இருந்தால் என்ன என்றார். எனக்கு அது ஆண்பிள்ளையின் நிழலாகத்தான் பட்டது. அந்தப் படத்தை மட்டும் தனியாக எடுத்து அரிசி டின்னுக்குள் வைத்தேன்.

பொங்கல் கழிந்த வாரம் அந்தத் தொப்பி நம் வாசலிலேயே வந்து நின்றது. பெயர் மகேஷ், தென்காசிப் பக்கம், உன்னோடு ஒரே இடத்தில் ஆராய்ச்சி, லீவுக்கு வந்தவன், மழை குறைந்த காட்டில் என்னென்ன செடி நிற்கிறது என்று இங்கேயும் பார்த்துவிட்டுப் போக வேண்டும், தமிழ்மொழிதான் கோட்டைமேட்டைப் பற்றிச் சொன்னாள் என்றான். அதற்கு முந்தின ஞாயிறுதான் நீ பேசினாய், அடைகாத்த கோழியைப் பற்றிக்கூடக் கேட்டாய், ஒரு ஆள் வருகிறான் என்று வாயைத் திறக்கவில்லை. சரி, உள்ளே வா தம்பி என்று உட்காரவைத்துச் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். நம் காலனிக்கு வருகிறவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், இப்பத்தான் குடிச்சேம்மா என்பார்கள், கடையில் கலர் வாங்கி உடைத்துக் கொடுத்தால் மட்டும் தாகம் வந்துவிடும். இவன் சொம்பை வாயில் வைத்து மடக் மடக்கென்று குடித்தான். ஒரு தடவை யார் வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று கம்மங்கூழும் சுட்ட கருவாடும் வைத்தேன். அதையும் சாப்பிட்டுவிட்டு, தமிழ் அங்க கருவாடு வறுத்தா பனி கொட்டினாலும் எல்லா சன்னலையும் தொறந்து வச்சிருவா என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே ஆபீசில் வேலை பார்க்கிறவனுக்கு உன் மேசை தெரியலாம், உன் அடுப்படி எப்படித் தெரியும்? ராத்திரி உன் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், அப்படியென்றால் அவருக்கும் அதே சந்தேகம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

பள்ளிக்கூடத்தில் சத்துணவுக் கணக்கை முடித்துவிட்டு வந்தால் அவன் எங்கே போனான் என்று கேட்பதுதான் எனக்கு வேலை. தினமும் கோட்டைமேடுதான். நீ ஆடு மேய்க்கப் போன காலத்தில் இருந்ததைவிட இன்னும் சுவர் சரிந்துவிட்டது. மேற்குக் கொத்தளமும், தூர்ந்துபோன குளமும், அரை ஆள் உயரத்துக்கு வாசல் கல்லும்தான் மிச்சம், மற்றதெல்லாம் சூரையும் காரையும் கிளுவையும் திருகுகள்ளியும் பின்னிக் கிடக்கிறது. கௌதாரி மட்டும் முன்னைப் போலவே கத்துகிறது. உன் அப்பா முழங்கால் வலியோடு அவன் பின்னாலேயே போனார், நான்தான் அனுப்பினேன், அவன் எதைத் தொடுகிறான் என்று பார்த்து வரச் சொன்னேன். இலையைக் கசக்கி மோந்து பார்க்கிறான், வேரைத் தொடுவதில்லை, முயல் புழுக்கையைக்கூடக் குனிந்து பார்க்கிறான் என்று வந்து சொன்னார். ஒருநாள் இரண்டு பேரும் அரியலூர்ப் பக்கம் பஸ் ஏறிப் போய், நத்தை மாதிரி சுருண்ட கல் நாலைந்து பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். இங்கெல்லாம் ஒரு காலத்தில் கடல் இருந்ததாம், இது அந்தக் கடலில் கிடந்த உயிராம். உன் அப்பா சின்னப் பிள்ளை மாதிரி அதைக் கழுவிக் கழுவி வைத்தார். தேன் மாதிரி பேசுகிறவனிடம்தான் கவனமாக இருக்க வேண்டும் என்று நான் சொன்னேன்.

அந்த வாரக் கடைசியில் அவன் முகம் வாடி வந்தான். மேற்குக் கொத்தளத்துக்குக் கீழே யாரோ குழி குழியாகத் தோண்டியிருக்கிறார்கள், எல்லாம் புதுக்குழி, குழி வாயில் வைக்கோல் கொளுத்தின கரி கிடக்கிறது என்றான். அழுங்கைப் பிடிக்கிறார்கள் என்பது அவன் நினைப்பு. அழுங்கு உனக்கு ஞாபகம் இருக்கும், பலாக்காய்த் தோல் மாதிரி உடம்பெல்லாம் ஓடு அடுக்கிக்கொண்டு கறையான் தின்கிற பிராணி, தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். வளைக்குள் புகை போட்டுத் தோண்டி எடுத்து, ஓட்டை உரித்து வெளியூர்க்காரனுக்கு விற்கிறார்களாம், அது எங்கோ மருந்துக்குப் போகிறதாம். இதை அவன் நம் வீட்டில் சொன்னதோடு நிறுத்தியிருக்க வேண்டும், டீக்கடையிலும் போய் யார் தோண்டுறாங்க என்று கேட்டுவிட்டான். மறுநாள் விடிந்தபோது ஊரில் வேறு பேச்சு. அமெரிக்காவிலிருந்து வந்தவன் கோட்டைமேட்டில் புதையல் எடுக்கிறான், குழி தோண்டுகிறவன் அவன்தான், மிசின் வைத்திருக்கிறான், பலி கொடுக்கக் குழந்தை பார்க்கிறான் என்கிற அளவுக்குப் போய்விட்டது. குழாயடியில் என்னிடமே ஒருத்தி, யக்கா, புள்ளைங்கள தனியா வுடாதீங்க என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன், சுற்றிச் சுற்றி விசாரித்தால் எல்லாப் பேச்சும் உன் சித்தப்பா சிங்காரவேலு வாயில்தான் வந்து முடிந்தது.

அங்கேதான் எனக்கு உறைத்தது. ஊர் எரிந்தாலும் திரும்பிப் பார்க்காதவர், லோடு ஆட்டோவும் அவரும் என்று இருக்கிறவர், இந்தப் பையன் விஷயத்தில் ஏன் இப்படி வரிந்துகட்டிக்கொண்டு நிற்கிறார்? அவனை எப்போது அனுப்பப்போறீங்க அண்ணி என்று தினமும் வந்து கேட்டார். நான் அவர் மகள் சத்யாவின் குழந்தையைப் பார்க்கிற சாக்கில் அவர் வீட்டுக்குப் போனேன். குழந்தையை மடியில் போட்டுக் கொஞ்சினேன், இடுப்பில் புது அரைஞாண், அதில் ஒரு அழுங்கு ஓடு கோத்திருந்தது. பயந்த கோளாறுக்குக் கட்டுவது வழக்கம்தான், உனக்கும் கட்டியிருக்கிறேன், ஆனால் நாம் கட்டினது பாட்டன் காலத்து ஓடு, தேய்ந்து மழுங்கினது. இது முனை மழுங்காமல், அடியில் சதை ஒட்டின கறைகூடப் போகாமல் இருந்தது. ஏது என்று உன் சித்தி ஜெயலட்சுமியிடம் கேட்டேன், சந்தையில் வாங்கினது என்று சொல்லிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். நான் எழுந்து வந்துவிட்டேன். உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை, தம்பி என்றால் பாசம் அவர் கண்ணை மறைத்துவிடும்.

போன மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடத்தில் உலை கொதிக்கிற நேரம், ஆயா பொன்னுத்தாய் ஓடிவந்து உங்க வூட்டுக்கு வந்த தம்பிய மேட்டுல கட்டிவச்சு அடிக்கிறாங்க என்றாள். அடுப்பை அவளிடம் விட்டுவிட்டு ஓடினேன். ஊர்த்தெரு ஆட்களும் நம் காலனி ஆட்களுமாக ஒரு கூட்டம். வாசல் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிற வெள்வேல மரத்தில் ஆட்டுக் கயிற்றால் அவனைக் கட்டியிருந்தார்கள். உதடு கிழிந்து சட்டையில் ரத்தம், தொப்பி முள்ளில் கிடந்தது. அவன் பையைக் கொட்டி, நத்தைக் கல்லை ஆளாளுக்குக் கையில் வைத்துக்கொண்டு இதுதான் புதையல் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். உன் அப்பா அது அரியலூர்க் கல்லு, நானும்தான் பொறுக்கினேன் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார், கேட்பாரில்லை. முன்னால் நின்று அதிகமாகச் சத்தம் போட்டது உன் சித்தப்பாதான், போலீசு வேண்டாம், நாமளே ரெண்டு தட்டுத் தட்டி பஸ் ஏத்தி வுட்ருவோம் என்றார். போலீஸ் வேண்டாம் என்றதும் எனக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது.

அழுதால் கேட்க மாட்டார்கள் என்று தெரியும். நேராகக் குழிக்குப் போய் இறங்கினேன். புதையலுக்குத் தோண்டுகிறவன் கீழ்நோக்கித் தோண்டுவான், இது பக்கவாட்டில் பொந்து மாதிரி போகிறது, எதுக்குய்யா வைக்கோலைக் கொளுத்தணும், பொன்னுக்கு மூச்சு முட்டுமா என்று கேட்டேன். ரெண்டு பேர் சிரித்தார்கள், சத்தம் கொஞ்சம் அடங்கியது. பிறகு உன் சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னேன். "தம்பி, நான் இந்தப் பையனையும் நம்பல, உங்களையும் நம்பல. அவன் பையக் கொட்டிப் பாத்துட்டீங்க. ரோட்டோரம் நிக்கிற உங்க வண்டியையும் கொட்டிப் பாத்துருவோம்." பெரம்பலூருக்கு லோடு ஏற்றப் போகிறேன் என்று காலையில் சொல்லிவிட்டு அவர் எடுத்துப்போன வண்டி, நான் ஓடிவருகிற வழியில் புளியமரத்தடியில் நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அவர் முகம் செத்துப்போனது. பொம்பள பேச்சுக் கேட்டு என்று ஏதோ ஆரம்பித்தார், ஆனால் ஊர்த்தெரு ஆள் ஒருவர் பார்த்தா என்னப்பா என்று இறங்கி நடந்தார், கூட்டம் பின்னால் போனது. தவிட்டு மூட்டைக்கு அடியில் ஈரச் சாக்கு ஒன்று, வாய் கட்டியிருந்தது. அவிழ்த்ததும் உள்ளே பெரிய பந்தாக ஒன்று சுருண்டு கிடந்தது.

சாக்கை மேட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பையனைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டது நான்தான், கை கால் மரத்துப்போய் அவனால் நிற்க முடியவில்லை. கொஞ்சம் பொறுங்க அத்தை, அதத் தொடாம எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லுங்க என்றான். அதுவரைக்கும் என்னை அம்மா என்று கூப்பிட்டவன். அந்த வார்த்தை காதில் விழுந்தது, ஆனால் அப்போது கேட்க நேரமில்லை. சாக்கோடு தூக்கிக் கொத்தளத்தின் நிழலில் வைத்தோம். அடித்த கூட்டம்தான் மூச்சுக் காட்டாமல் நின்றது. நெடுநேரம் கழித்துப் பந்து மெல்ல நெகிழ்ந்தது, ஒரு மூக்கு வெளியே வந்து காற்றை மோந்தது. பிறகு முன்காலை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கும்பிடப் போகிற ஆள் மாதிரி இரண்டு எட்டு எடுத்து வைத்து, சூரைப் புதருக்குள் போய் மறைந்துவிட்டது. உன் அப்பா அழுதுகொண்டிருந்தார், எதற்கென்று எனக்குத் தெரியவில்லை.

தகவல் தெரிந்து வனத்துறை ஆட்கள் வந்தார்கள், உன் சித்தப்பா மேல் வழக்கு. ஜாமீனில் வந்து இப்போது கையெழுத்துப் போடப் போய்வருகிறார், சரக்கு வாங்கின ஆள் இன்னும் அகப்படவில்லை. உன் சித்தி எங்களைப் பார்த்தால் கதவைச் சாத்துகிறாள், போனைப் பூட்டிவைத்துவிட்டாள். அதனால்தான் மூன்று ஞாயிறாக நீ கூப்பிட்டும் எங்களைக் கூப்பிட ஆள் இல்லை, பயந்திருப்பாய். உன் அப்பா என்னோடு பேசவில்லை. ஊர்த்தெரு ஆட்கள் முன்னால் என் தம்பியைத் தலைகுனிய வைத்தாயே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் சொன்னார். "எந் தம்பியக் காட்டிக் குடுத்ததும் நீதான். அந்தப் புள்ளைய அவுத்து வுட்டதும் நீதான். ரெண்டுல எதுக்கு உன்னத் திட்டறதுன்னு தெரியல." எனக்கும் தெரியவில்லை தமிழ். சத்யாவின் குழந்தை என்னைப் பார்த்துக் கையை நீட்டுகிறது, வாங்க முடியவில்லை.

இனி உன் விஷயம். உதட்டுக் காயம் ஆறுகிறவரை அந்தப் பையன் நம் வீட்டில் இருந்தான். கிளம்புகிற அன்று அடுப்படியில் அவனை உட்காரவைத்துக் கேட்டேன், எம் மவளக் கட்டிக்கப் போறியா என்று. மென்று விழுங்கிவிட்டு, ஆமாம் அத்தை, நாங்க முடிவு பண்ணி ஒரு வருஷம் ஆச்சு, உங்களப் பாத்துட்டு வரத்தான் தமிழ் அனுப்பினா என்றான். செடி பார்க்க வந்தவன் என்று நான் எந்த நாளும் நம்பவில்லை, அதனால் எனக்கு அதிர்ச்சி இல்லை. எங்களைப் பார்க்க அனுப்பினாயா, எங்கள் வீட்டை அவன் தாங்குவானா என்று அவனைப் பார்க்க அனுப்பினாயா, அது உனக்கும் எனக்கும் தனியாகப் பேச வேண்டிய கணக்கு. அடுத்த கேள்வியைக் கேட்டேன். உங்க அம்மாகிட்ட சொல்லிட்டியா, எந்தத் தெருப் பொண்ணுன்னு சொன்னியா என்று. அடி வாங்கும்போதுகூட நிமிர்ந்து நின்றவன் அப்போதுதான் தலையைக் குனிந்தான். சொல்லவில்லை, நேரம் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தேன் என்றான். எங்க வூட்டுக்கு வர நேரம் பார்க்கலியே தம்பி என்றேன். அவன் நல்லவன்தான், அடித்தவன் ஒருத்தன் பெயரையும் வனத்துறையிடம் சொல்லவில்லை. நல்லவன் என்பதும் தைரியசாலி என்பதும் ஒன்றில்லை. கண்ணு, அம்மா பேச்சைக் கேள், அவன் வாயால் அவன் வீட்டில் சொல்கிறவரை நீ எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே, அங்கே கோர்ட்டில் சீட்டு வாங்கினால் போதும் என்கிற பேச்சுக்கும் இடம் கொடுக்காதே.

அவன் தென்காசிக்குப் போய், போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட போனுக்குக் கூப்பிட்டான். சொல்லிவிட்டானாம். அப்பா ஒன்றும் சொல்லவில்லையாம், அம்மா பேச்சை நிறுத்திவிட்டாளாம், ஆனால் எல்லாம் சொல்லிவிட்டேன் அத்தை, தெருப் பெயர் உட்பட என்றான். குரல் உடைந்திருந்தது. நம்பலாம் போலத்தான் இருந்தது. ஆனாலும் போனில் வருகிற குரலை வைத்து நான் பெண்ணைக் கொடுக்க முடியாது. அதனால் வருகிற புதன்கிழமை நானே தென்காசிக்குப் போகிறேன், திருச்சியில் ஒரு பஸ், மதுரையில் ஒரு பஸ். பொன்னுத்தாய் சமையலைப் பார்த்துக்கொள்வாள். அந்த அம்மா கதவைத் திறக்காவிட்டால் வாசலில் நிற்பேன், பேசாவிட்டால் அவள் பேசாமல் இருப்பதை நேரில் பார்த்துவிட்டு வருவேன், எதுவானாலும் உனக்கு உள்ளது உள்ளபடி எழுதுவேன். தனியாகப் போகத்தான் நினைத்திருந்தேன். இன்று காலை பார்த்தால் உன் அப்பா தன் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியிருக்கிறார்.

பாம்புக் காட்டுக்குப் போகும்போது பூட்ஸ் போடு, தலைக்கு எண்ணெய் வை, கருவாடு வறுத்தால் சன்னலைத் திறந்து வைத்துச் சளி பிடித்துக்கொள்ளாதே. இது உன் கைக்கு வருவதற்குள் நாங்கள் தென்காசி போய் வந்திருப்போம், அதை அவனாகச் சொல்கிறானா என்று பார், நீயாக அவனிடம் கேட்காதே. நம் குலசாமி உனக்கு முன்னும் பின்னும் நடக்கட்டும், நீ எடுத்த படிப்பும் நினைத்த வாழ்க்கையும் குறையில்லாமல் அமையட்டும்.

உன் நன்மையே நினைக்கும் அம்மா,
வீ. பாக்யலட்சுமி.